சும்மா அடிக்காத மணி

எங்கள் சங்குமுனையில் கடலுக்குள் பாறையைக் கொட்டிக் கொட்டித் தூண்டில் முள்போல வளைத்து ஒரு சுவர் போட்டிருக்கிறார்கள், தூண்டில் வளைவு என்று பெயர், அலை ஊருக்குள் வந்துவிடக் கூடாது என்று போட்டது, அலை அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேறு பக்கமாக வந்துபோனது, நாங்களோ பெயருக்கு மரியாதை கொடுத்து அதன்மேல் வரிசையாக உட்கார்ந்து தூண்டில் போட்டோம். அந்த வளைவு கரையைத் தொடுகிற இடத்தில் பெர்பெத்தக்காவின் கடை இருந்தது, கடைக்குப் பின்னாலேயே வீடு இருந்தது, வீட்டுக்குள் அக்கா மட்டும் இருந்தாள்.

அக்கா முள் விற்றாள், ஈயக்கட்டி விற்றாள், தங்கூசி என்கிற நைலான் நரம்பு விற்றாள், யாரிடமும் தேவைக்கு மேல் பேசவில்லை. கடையையும் பார்க்க வேண்டும், பாறையில் போட்ட தன் தூண்டிலையும் பார்க்க வேண்டும் என்பதால், மீன் கடித்தால் கூப்பிடுகிற மணி ஒன்றைச் செய்யத் தொடங்கினாள். முதலில் செய்த மணி காற்றுக்கு அடித்தது. அடுத்தது அலைக்கு அடித்தது. அதற்கடுத்தது நண்டு நரம்பைச் சுரண்டினாலும் அடித்தது, காக்கை வந்து உட்கார்ந்தாலும் அடித்தது, பக்கத்தில் யாராவது தும்மினால்கூட அடித்தது. ஒவ்வொரு தடவையும் அக்கா கடையை விட்டு ஓடிப்போய் வெறும் முள்ளை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்து வந்தாள்.

"எம்மா பெர்பெத்தா," என்று ஸ்தனிஸ்லாஸ் மாமா பாறையில் இருந்தபடியே கூவுவார், மூக்கில் வரும் குரல், கடைசிச் சொல்லை இழுத்து இழுத்து நீட்டுவார், "இந்த மணிக்குப் பதிலா ஒரு ஆட்டைக் கெட்டிப் போடு, மீன் வராட்டாலும் பாலாவது கெடைக்குமேஏஏ!"

"சும்மா அடிக்கிற மணி இருக்கதுக்கு மணியே இல்லாம இருக்கலாம் மாமா," என்பாள் அக்கா. அன்றைக்கு அவள் பேசிய மொத்தப் பேச்சும் அதுவாகத்தான் இருக்கும்.

கடைசியில் ஒன்று அமைந்தது. ஒடிந்த குடைக்கம்பி, அதன் நுனியில் சலங்கை முத்து ஒன்று, நடுவில் துணி காயப்போடும் கிளிப்பு, அவ்வளவுதான். கிளிப்பில் நரம்பைக் கவ்வவிட்டுக் கம்பியைப் பாறை இடுக்கில் செருகினால் போதும். ரகசியம் என்று ஒன்று இருந்தால் அது முத்துக்குள் இருந்தது: பழைய ஹவாய்ச் செருப்பின் ரப்பரைப் பிளேடால் மெல்லியதாகச் சீவி உள்ளே ஒட்டியிருந்தாள், சின்னச் சின்ன நடுக்கத்தையெல்லாம் அந்த ரப்பர் தின்றுவிடும், மீன் வாயில் வாங்கி இழுக்கிற இழுப்பு மட்டும்தான் மணியாக வெளியே வரும். அது அடித்தால் மீன். அடிக்காவிட்டால் மீன் இல்லை. வளைவில் உட்கார்கிறவர்கள் ஆளுக்கொன்று வாங்கினார்கள். ஸ்தனிஸ்லாஸ் மாமா கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சீட்டாடத் தொடங்கினார், அதைவிட ஒரு மணிக்கு என்ன நற்சான்று வேண்டும்.

அந்த மணி பொய் சொல்லாது என்று ஊர் ஏற்றுக்கொண்டிருந்ததால்தான், பிறகு நடந்ததையும் ஊர் ஏற்றுக்கொண்டது.

நடந்தது இதுதான். ரோசிலி சித்தி, துணி காயப்போடக் கிளிப்பு போதாமல், புருசனின் தூண்டில் பையிலிருந்து அந்த மணிக் கிளிப்பை எடுத்துக் கொடியில் மாட்டிவிட்டாள், கொடியும் பழைய தங்கூசி நரம்புதான். காலையில், காற்றே இல்லாத நேரத்தில், மணி அடித்தது. சித்தி போய்ப் பார்த்தால் மகனுடைய பழைய சட்டை அசையாமல் தொங்குகிறது, நரம்பு மட்டும் யாரோ தூரத்தில் நின்று இழுப்பதுபோல மெதுவாக விறைத்து விறைத்துத் தளர்கிறது. சாயங்காலம் மஸ்கட்டிலிருந்து மகன் போன் பண்ணினான். சித்தியின் குரலில் சொன்னால்தான் சரிவரும், மூச்சு விடாமல் சொல்லுவாள்: "அவன் சொல்லுகான், அம்மா இன்னைக்குக் காலத்த ஒரு மலையாளத்தான் கடையில மாசிக் கறி வச்சிருந்தான் வாயில வச்ச ஒடனே ஒன்னை நினைச்சிட்டேன்ம்மாங்கான், எத்தனை மணிக்குலேங்கேன், இத்தனை மணிக்குங்கான், எனக்க மாதாவே, கொடியில அடிச்ச அதே நேரமாக்கும்!"

எப்படி என்று யாரும் கேட்கவில்லை. மீன் இழுத்தால் அடிக்கிற மணி, மனசு இழுத்தாலும் அடிக்கிறது, இதில் என்ன இருக்கிறது. கேட்டதெல்லாம் "எனக்கும் ஒண்ணு வேணும்" என்பதுதான். மறுவாரமே சங்குமுனையில் வீட்டுக்கு வீடு ஜன்னல் கம்பியில் குடைக்கம்பி செருகி, நரம்பின் ஒரு முனையை உள்ளே கட்டி, மறுமுனையைத் தெருவில் தொங்கவிட்டார்கள். "அந்த முனை எதுக்கு வெளிய?" என்று அக்காவிடம் கேட்டதற்கு, "நரம்பை உள்ளயே சுருட்டி வச்சா கடல் எங்க கெடக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது.

அதன்பிறகு ஊர் அந்த மணிக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்டது. பெலவேந்திரன் சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், "ஆகவே, என் அன்பார்ந்த இறைமக்களே, மூன்றாவதாக," என்று தொடங்குகிறபோதெல்லாம் கோயிலுக்குப் பக்கத்தில் அவர் தங்கும் அறைவீட்டில் அவருடைய மணி கிடுகிடுவென்று அடித்தது, கோயில் முழுக்க ஒரே மனதாக அவரை நினைத்துக்கொண்டிருந்தது, அவரும் நல்ல மனுசன், மூன்றாவதை விட்டுவிட்டார். ஊர்க்கமிட்டித் தலைவர் வீட்டு மணி, குழாயில் தண்ணீர் வராத நாளெல்லாம் ஓயாமல் அடித்தது, முதலில் பெருமையாகத்தான் இருந்தாராம், பிறகு ஊர் தன்னை என்னென்ன வார்த்தையில் நினைக்கும் என்று யோசித்துப் பார்த்திருப்பார் போல, பம்பு மோட்டாரைச் சரிபண்ண ஆள் கூட்டி வந்தார். எங்கள் வீட்டில் எனக்கென்று மாட்டிய மணிக்கு நாக்கே தேய்ந்துபோனது. "ஊர்ல ஒருத்தர் பாக்கி இல்லாம திட்டுகானுவ பாரு! ஜெரோலினு, நீ இன்னைக்கு எவனைப் போல பேசிக் காட்டின?" என்று அம்மா கரண்டியோடு வருவாள். நான் அம்மாவின் குரலிலேயே, "நான் ஒண்ணும் செய்யலட்டி!" என்பேன், மணி இன்னொரு தடவை அடிக்கும்.

திட்டுகிறவர்களும் அதே மணியைத்தான் அடித்தார்கள் என்பதில் சிலருக்குக் குறை இருந்தது. மாமியார்க்காரிகள் இரண்டுபேர் சேர்ந்துவந்து, பாசத்துக்கு மட்டும் அடிக்கிறமாதிரி ஒன்று செய்துதரச் சொன்னார்கள். அக்கா ரப்பரைக் கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள், முடியாது என்று சொல்லிவிட்டாள். "களவா மீனு பசியில கடிக்கா, கோவத்துல கடிக்கான்னு மணிக்குத் தெரியாது பெரியம்மா. வாயில முள்ளு இருக்கு, அவ்வளவுதான் தெரியும்."

இவ்வளவும் நன்றாகத்தான் போனது. ஆனால் மெல்ல மெல்ல வெளிநாட்டுப் பிள்ளைகளின் போன் குறைந்தது. "நேத்து நினைச்சேனேம்மா, மணி அடிக்கலியா? அடிச்சதுல்லா? பொறவு என்னத்துக்குப் போன்?" என்று கேட்டார்கள், கேட்டதில் தப்புச் சொல்ல முடியவில்லை. இங்கேயும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவது நின்றது, போனால் அந்த நேரம் பார்த்து மணி அடித்துவிட்டால் யார் கேட்பது. சத்தமாகப் பேசுவது நின்றது, டீவி நின்றது, மத்தியானம் தெருவில் நடந்தால் ஒவ்வொரு ஜன்னலுக்கும் பின்னால் ஒரு முகம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, தொங்குகிற நரம்புகளுக்கு நடுவே நாய்கள் மட்டும் குனிந்து குனிந்து போயின. வளைவில் தூண்டில் போட ஆளில்லை. ஸ்தனிஸ்லாஸ் மாமாவே சீட்டுக்கட்டை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தனக்குத்தானே போட்டு விளையாடினார். ஊர் முழுவதும் நினைக்கப்பட்டுக்கொண்டிருந்தது, அதனால் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

எனக்கு மட்டும் அது பெரிய இடைஞ்சல். கேட்க ஆளில்லாத இடத்தில் யார் குரலில் பேசி என்ன பயன். அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் படியில் ஒரு கூட்டத்தைப் பிடித்து நிறுத்தி, நான் பேசிக் காட்டுவேன், யார் என்று அவர்கள் சொல்ல வேண்டும். மூக்கால் இழுத்தால், "ஸ்தனிஸ்லாஸு!" என்று கத்துவார்கள், மாமா வீட்டில் மணி அடிக்கும். "அன்பார்ந்த" என்று ஆரம்பித்த உடனேயே அறைவீட்டில் அடிக்கும். அன்றைக்கு, சும்மா ஒரு புதுமைக்கு, பெர்பெத்தக்காவைப் பேசினேன். தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஒவ்வொரு சொல்லையும் வைப்பதற்கு இடம் தேடுகிறவள்போல, "எத்தனாம் நம்பர் முள்ளு வேணும்?" என்றேன். அச்சு அசல் அக்காதான். நான் பேசியதிலேயே அதுதான் சரியாக வந்தது.

யாரும் சொல்லவில்லை. "கருவாட்டுக்காரி மேரியா?" என்றான் ஒருவன். "நம்ம பழைய நர்சம்மா இல்லியா?" என்றாள் ரோசிலி சித்தி. "வேற ஒருக்க பேசுட்டி." மறுபடி பேசினேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லோர் வீட்டு ஜன்னலிலும் அவள் செய்த மணி தொங்குகிறது. "முள்ளுன்னு சொல்லுகேனே, முள்ளு விக்கது யாரு?" என்று நானே எடுத்துக்கொடுத்த பிறகுதான், "ஓ... மணிக்காரியா," என்றார்கள். சொல்லும்போது எல்லோரும் தங்கள் தங்கள் மணியைத்தான் நினைத்தார்கள் என்று முகத்திலேயே தெரிந்தது. வெளியில் எங்கும் மணி அடிக்கவில்லை.

மறுநாள் முள் வாங்குகிற சாக்கில் கடைக்குப் போனேன். அக்கா தன் ஜன்னலில் மாட்டியிருந்த மணியைக் கழற்றி மேசையில் பிரித்துப் போட்டிருந்தாள். முத்துக்குள்ளிருந்து ரப்பரைப் பிளேடு முனையால் எடுத்து, உள்ளங்கையில் வைத்து ஊதி, வெளிச்சத்தில் பார்த்தாள்.

"என்ன அக்கா, கேடாயிட்டா?"

"அதைத்தான் பாக்கேன்."

"அடிக்கலியா?"

"இதுவரைக்கும் இல்ல." ரப்பரைத் திரும்ப ஒட்டினாள். "தினமும் பிரிச்சுப் பாக்கேன். சீவுனது சரியாத்தான் இருக்கு, கிளிப்பு சரியாத்தான் இருக்கு. வளைவுல கொண்டு போட்டா மீனுக்கு அடிக்கு. இஞ்ச மாட்டினா சும்மா கெடக்கு." பிறகு எனக்குச் சொல்லாமல் மணிக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்: "மணி சரின்னா என்னை நினைக்க ஆளில்ல. ஆளிருந்தா மணி கேடு. எனக்கு ஆயுசுல முதல்தடவையா நான் செஞ்சது கேடா இருக்கணும்னு இருக்கு, கேட்டியா. ஆனா கேடு இல்ல ஜெரோலினு. எங்க தேடினாலும் ஒரு கேடும் இல்ல."

நான் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. வெளியே வந்ததும் வந்துவிட்டது, ஏனென்றால் ஒரு வேலை தோன்றிவிட்டது. அக்காவின் ஜன்னலிலிருந்தும் நரம்பு தெருவில்தானே தொங்குகிறது. ஒரு இழுப்பு இழுத்தால் மணி அடிக்கும், அக்காவுக்கும் சந்தோசம், எனக்கும் ஒரு வேலை. ஆனால் காற்று எது, அலை எது, நண்டு எது, கை எது என்று தரம் பிரித்தே வயதானவள் அவள், அவளை ஏமாற்ற வேண்டுமென்றால் கை கையாக இருக்கக் கூடாது. ஆகவே வாரம் முழுக்க ரோசிலி சித்தியின் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து, மஸ்கட்டிலிருந்து மகன் நினைக்கும்போது நரம்பு எப்படி அசைகிறது என்று பார்த்தேன்: முதலில் தொட்டும் தொடாமலும் ஒன்று, தப்பாகத் தொட்டுவிட்டதுபோல ஒரு நிறுத்தம், பிறகு நீளமாக ஒரு இழுப்பு, விட மனமில்லாமல் விடுவது. வீட்டில் கட்டில் காலில் நரம்பைக் கட்டி இழுத்துப் பழகினேன். குரலைப்போலத்தான், நாலு தடவை தப்பாக வரும், அப்புறம் ஒட்டிக்கொள்ளும். அந்த வாரமெல்லாம் என் நினைப்பு இழுப்பில்தான் இருந்தது, அக்காமேல் இல்லை.

நன்றாக வெயில் அடிக்கிற மத்தியானம் ஒன்றில், தெரு முழுக்கச் சோற்றுத்தட்டுக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், அக்கா வீட்டு ஜன்னலுக்குக் கீழே போய்க் குந்தினேன். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அவள் முகம் எப்படி மாறும், எழுந்து வருவாளா, யார் யார் என்று யோசிப்பாள், அப்போது நான் யாருடைய குரலில் இருமலாம் என்றெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே, முகத்தைப் பார்ப்பதற்காகக் கம்பி இடுக்கில் மெதுவாகத் தலையைத் தூக்கினேன்.

அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டுக்குப் பக்கத்தில் மேசையில், தண்ணீர்ச் செம்பு இருக்க வேண்டிய இடத்தில், மணி இருந்தது. சாப்பிடும்போது அடித்தால் கேட்கவேண்டும் என்று நரம்போடு அங்கே இழுத்து வைத்திருந்தாள். ஒரு வாய் எடுத்து வைப்பாள், மெல்லுவாள், வெளியே காக்கை கரைந்தால் மெல்லுவதை நிறுத்துவாள். சைக்கிள் போனால் நிறுத்துவாள். ஒன்றுமில்லாதபோதும் நிறுத்தினாள், தன் வாய்ச்சத்தத்தில் எதையாவது கேட்காமல் விட்டுவிடப் போகிறோம் என்று. நிறுத்திக் கேட்டுவிட்டு, யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல மறுபடி மெல்லத் தொடங்குவாள். நான் அந்த மெல்லுதலையே பார்த்துக்கொண்டு நின்றேன். எதற்கு வந்தேன் என்பது எனக்குள் எங்கேயோ நழுவிப்போயிற்று.

மணி அடித்தது.

தொட்டும் தொடாமலும் ஒன்று, ஒரு நிறுத்தம், பிறகு நீளமாக.

அக்கா தட்டிலிருந்து நிமிரவில்லை. "யாருடி அது?" என்றாள். "கையை எடு. கை எதுன்னு எனக்குத் தெரியும்."

"நான் தொடல அக்கா!"

"ஜெரோலினு. வெளையாடாத மக்கா. கையை எடு."

"இன்னா பாருங்க!" இரண்டு கையையும் கம்பி வழியாக உள்ளே நீட்டினேன், பத்து விரலையும் விரித்தேன். மணி அடித்துக்கொண்டேயிருந்தது. வெளியே நரம்பு யாரும் தொடாமல் விறைத்துக்கொண்டிருந்தது. அக்கா என் கைகளைப் பார்த்தாள், மணியைப் பார்த்தாள், சோற்றுக் கையை அப்படியே வைத்துக்கொண்டு எழுந்து வெளியே வந்து நரம்பின் முனையைப் பார்த்தாள். வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள், ரோசிலி சித்தியாக இருந்தால் தெருவையே கூட்டியிருப்பாள். அக்கா மணி செய்கிறவள்.

"அந்தக் கலுங்குப் பாலத்துப் பக்கமாப் போய் நில்லு," என்றாள். "வேற எதையாவது நினை."

போனேன். கணக்கு வாத்தியாரை நினைத்தேன், பாவம், அவர் வீட்டில் அடித்திருக்கும். இங்கே மணி நின்றது.

"இப்ப என்னை நினை."

அடித்தது.

"நிறுத்து." நின்றது. "நினை." அடித்தது. தலையை ஆட்டிக்கொண்டாள், ரப்பரைச் சீவிப் பார்க்கும்போது ஆட்டுவதுபோல. "கிட்ட நின்னா எதுவும் அடிக்கும். கோயில் படிக்குப் போ." கோயில் படியிலிருந்து நினைத்தேன், அக்கா அங்கிருந்து கையைத் தூக்கிக் காட்டினாள், சரி என்று. திரும்பி ஓடி வந்தேன். எனக்கு மூச்சு வாங்கியது, அவளுக்கும் வாங்கியது, அவள் நின்ற இடத்தைவிட்டு அசையவேயில்லை.

"இன்னும் ஒண்ணு," என்றாள். "வளைவுக்கு அந்தக் கடைசி முனைக்குப் போவியா? அம்புட்டுத் தூரத்துல நின்னு நினைச்சுப் பாரு. நெனப்பை அறுத்துரப்பிடாது. போதும்னா நான் இந்தத் துண்டை எடுத்து வீசுவேன். அப்ப நிறுத்திட்டு வா."

"சரி அக்கா."

"பிள்ளே," என்று மறுபடி கூப்பிட்டாள். "எனக்கக் குரலைப் பேசி நினைக்கப்பிடாது. சும்மா நினை."

பாறை பாறையாகத் தாவி நான் அந்த வளைவின் முனைக்குப் போனேன். ஆளே இல்லாத பாறைகள், இடுக்கில் யாரோ எப்போதோ செருகி மறந்த குடைக்கம்பிகள், மூன்று பக்கமும் கடல். அங்கிருந்து கடை தீப்பெட்டி அளவில் தெரிந்தது, அதன் வாசலில் அக்கா ஒரு குச்சி அளவில் தெரிந்தாள், கையில் துண்டு வெள்ளையாகத் தெரிந்தது. அலைச் சத்தத்தில் எனக்கு எந்த மணியும் கேட்காது. அடிக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லாத இடத்தில் நின்றுகொண்டு, ஒரு மனுசியை அவள் குரல் இல்லாமல் நினைக்க வேண்டியிருந்தது, அது எனக்கு வராத வேலை, வாய் தானாகவே "எத்தனாம் நம்பர்" என்று அசையப் பார்த்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். மெல்லுவதை நிறுத்துகிற அந்த வாயை நினைத்தேன். ரப்பர்த் துணுக்கை ஊதுகிற உள்ளங்கையை நினைத்தேன். சோற்றுக் கை காய்ந்திருக்குமே, கழுவியிருக்க மாட்டாளே, மீதிச் சோறு ஆறியிருக்குமே என்று நினைத்தேன்.

நினைத்துக்கொண்டே நின்றேன். வெயில் முதுகுக்கு வந்தது, கடல் ஏற்றம் ஏறி அலை பாதத்தை நனைத்தது. அக்கா வாசலில்தான் நின்றாள், துண்டு கையில்தான் இருந்தது.

அவள் வீசவில்லை. நான் நிறுத்தவில்லை.